வெளிவழிக்கு வரும் வழி

என் தொழிலுக்குப் பெயர் வைக்க மூன்று வாரம் பிடித்தது. என் கணவர் தன் கடைக்குப் பெயர் வைக்க அரை நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மூக்குக்கண்ணாடி விற்கிற கடை, ஆகவே ‘கண்ணாடிக் கடை’. பலகை எழுத வந்தவர், “முன்னாடி வேற ஏதாவது சேக்கணுமா?” என்று கேட்டதற்கு, “பெருசா மட்டும் எழுதுங்க. சரியா கண்ணு தெரியாதவங்கதான வர்றாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பலகையும் அவரும் அதே இடத்தில் இருக்கிறார்கள்.

நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பதினெட்டு வருடம் ஒரு நாளிதழில் நிருபராக இருந்துவிட்டு, அந்த வேலையை உதறித் தள்ளி, இனி யார் கேட்டாலும் தனியாக எழுதித் தருவேன் என்று வீட்டு முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்தவள். எனக்கு வரைபடம் என்றால் உயிர். முன்னறைச் சுவரில் ரயில் பாதைகளின் படம், படுக்கையறையில் கடலின் ஆழங்களைக் காட்டும் படம், குளியலறைக் கதவில் யாருமே குடியில்லாத ஒரு தீவின் படம். சமையலறையில் மாட்ட மட்டும் அண்ணி விடவில்லை. அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. தபால் நிலையத்தில் முப்பது வருடம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்துவிட்டு ஓய்வு பெற்று எங்களோடு இருக்கிறார். “நான் பாக்காத ஊரா? எல்லா ஊரும் என் கையால பைக்குள்ள விழுந்த ஊருதான்” என்பார்.

முதலில் ‘திசைகாட்டி’ என்று வைக்கலாம் என்று பார்த்தேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கார் ஓட்டும் பயிற்சிப் பள்ளி இருந்தது. ‘அட்சரேகை’ என்று எழுதிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “கைரேகை பாப்பீங்களா, ஜாதகமும் உண்டா?” என்று கேட்டார். அந்த விண்ணப்பத்தை அங்கேயே கிழித்துப் போட்டேன். மூன்றாவது வாரம் பேருந்தில் வரும்போது சட்டென்று தோன்றியது: வெளிவழி. வெளியே போகிற வழி. எனக்கு வாழ்க்கையில் அதற்குமேல் என்ன வேண்டும்.

“தொழில் என்னன்னு போட?” என்றார் அதே எழுத்தர்.

“செய்தி, கட்டுரை, பயணம்.”

“ஆளுங்க எத்தனை பேரு?”

“நான் ஒருத்திதான்.”

“அப்ப பயணம் யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“அது தொழில் இல்லீங்களே, செலவு” என்று சொல்லிக்கொண்டே முத்திரை குத்தினார்.

பெயர்ப்பலகையைக் கதவில் மாட்டிய இரண்டாம் நாளே வினை ஆரம்பித்தது. நாங்கள் இருப்பது மாடிக் குடியிருப்பு. இரண்டாவது தளத்தில் எங்கள் வீடும், எதிரே ஒரு பல் மருத்துவரும். பல் பிடுங்கிக்கொண்டு, பாதி முகம் மரத்துப்போய், பஞ்சைக் கடித்தபடி வெளியே வருகிற நோயாளி எதிர்க் கதவில் ‘வெளிவழி’ என்று பார்ப்பார். தள்ளித் திறந்துகொண்டு நேராக என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார். வாயைத் திறந்து கேட்கவும் முடியாது. நானும் கட்டுரை கொடுக்க வந்தவர் என்று நினைத்து உட்காரச் சொல்வேன். ஒரு லாரி ஓட்டுநர் முழுதாக இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். அவரிடம் நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி ஆறு கேள்வி கேட்டுவிட்டேன். அவர் ஆறுக்கும் தலையை ஆட்டினார்.

அதற்கு அடுத்த வேலையாக முகவரி அட்டை அச்சடித்தேன். முன்பக்கம் பெயர். பின்பக்கம், என் கைப்பட வரைந்த வரைபடம். அது அவசியமும்கூட. கைப்பேசியில் எங்கள் முகவரியைப் போட்டால் அது ஆளைக் கால்வாயின் அக்கரையில் கொண்டுபோய் நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று வாழ்த்துச் சொல்லும். அங்கிருந்து எங்கள் மொட்டைமாடியில் காயும் துணி தெரியும். வரத்தான் முடியாது. ஆகவே மூன்று நாள் உட்கார்ந்து, எங்கள் குடியிருப்பையும் ரயில் நிலையத்தையும் இணைக்கும் வழியை அளவு தப்பாமல் வரைந்தேன். மஞ்சள் சுவர், சுழல் கதவு, சைக்கிள் கடை, மருந்துக் கடை, மணிக்கூண்டு என்று ஒவ்வொன்றையும் எறும்பு அளவுக்கு எழுதினேன். மூலையில் திசைகளைக் காட்டும் நட்சத்திரம். அச்சகத்துக்காரரே அதைப் பார்த்து, “சட்டம் போட்டு மாட்டலாம் போல இருக்கே” என்றார்.

அட்டை வந்து ஒரு வருடம் ஆயிற்று. புகைப்படக்காரர் வந்தார், விளம்பர நிறுவனத்து ஆட்கள் வந்தார்கள், புத்தகம் போட ஆசைப்பட்ட ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி வந்தார். ஒருவர்கூட வழி தவறவில்லை. அந்தப் பெருமை எனக்கு எக்கச்சக்கம்.

பெருமையைத் தவிர வேறு எதுவும் பெரிதாக வாய்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயணம் என்று விண்ணப்பத்தில் எழுதினேனே ஒழிய, அந்த ஒரு வருடத்தில் நான் எழுதியதெல்லாம் சிமெண்ட் ஆலையின் வெள்ளிவிழா மலர், குழாய் நிறுவனத்தின் வரலாறு, நீதிபதியின் சிறுவயது நினைவுகள். நிருபராக இருந்தபோதும் ஊருக்குப் போயிருக்கிறேன். விபத்து, வெள்ளம், தேர்தல் என்று. ஒரு ஊரை அதற்கு நல்லது நடக்கிற நாளில் நான் பார்த்ததே இல்லை. ஆகவே அந்தப் பயண இதழிலிருந்து கடிதம் வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மாதம் ஒரு ஊர் என்று தொடர்ந்து ஒரு பத்தி. நேரில் போய், தெருத் தெருவாக நடந்து, எழுத வேண்டும். கூடவே, படிக்கிறவர் கையில் வைத்துக்கொண்டு அந்த ஊருக்குள் நடக்கும்படி கையால் வரைந்த ஒரு வரைபடம். வரைபடத்தையும் எழுத்தையும் ஒரே ஆள் செய்ய வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. எனக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்த வேலை மாதிரி இருந்தது. போட்டிக்கு இன்னொருவர் இருப்பதாகவும் கேள்வி. நாற்பத்தாறு வயதில் இது நழுவினால், அப்புறம் குழாய்தான், சிமெண்ட்தான்.

அந்த இதழின் ஆசிரியர் ஒரு அம்மா. கறாரானவர் என்று பெயர். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வந்து என் வரைபடங்களைப் பார்ப்பதாகச் சொன்னார். “வழி சொல்லணுமா மேடம்?” என்று கேட்டேன். “உங்க கார்டுலதான் மேப்பு இருக்கே. பாத்துடுவோம்” என்றார்.

செவ்வாயன்று பதினொன்று அடித்து ஐந்து நிமிடத்தில் தொலைபேசி வந்தது.

“ஸ்டேஷன்ல இறங்கிட்டேன். கார்டோடதான் நடக்கிறேன்” என்றார்.

“வாங்க மேடம். வலது கை பக்கம் மருந்துக் கடை வரும்.”

“இடது பக்கம் இருக்கு.”

“இல்ல மேடம், வலது பக்கம்தான். நான் தினமும் பாக்கிற கடை.”

“நான் இப்ப பாத்துட்டிருக்கேன்” என்றார் ஆசிரியர்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. “சரி, சைக்கிள் கடை தாண்டி ஒரு மஞ்சள் சுவர் தெரியும் பாருங்க.”

“மஞ்சளா? சாம்பல் கலர்ல ஒரு சுவர் இருக்கு. மேல கண்ணாடிச் சில்லு பதிச்சிருக்கு.”

“அது வேற சுவரு மேடம். அதுல ஒரு சுழல் கதவு இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப அதேதான். தள்ளிட்டு உள்ள வாங்க.”

“தள்றேன். நகரல.”

“நல்லா தள்ளுங்க மேடம், கொஞ்சம் துரு.”

மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பிறகு, “நான் பத்திரிகை நடத்தறவ. சுமை தூக்குறவ இல்ல” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். மஞ்சள் சுவர் மஞ்சளாகத்தான் இருந்தது. சுழல் கதவில் கை வைத்ததும் வழக்கம்போல வெண்ணெயாகச் சுழன்று என்னை ஸ்டேஷன் சாலையில் கொண்டுபோய் விட்டது. ஆசிரியரைக் காணவில்லை. சைக்கிள் கடைக்காரர், “ஒரு அம்மா ரொம்ப நேரம் அதை உந்திக்கிட்டு இருந்தாங்க. இப்பதான் ஆட்டோ ஏறிப் போனாங்க” என்றார். திரும்பிப் பார்த்தேன். சுவர் சாம்பல் நிறத்தில், மேலே கண்ணாடிச் சில்லோடு நின்றது. குடியிருப்புச் சங்கம் உள்பக்கத்துக்கு மட்டும்தான் வண்ணம் அடித்திருக்கிறது. கதவைத் தள்ளினேன். நகரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.

“அது வெளிய மட்டும்தாங்க சுத்தும்” என்றார் சைக்கிள் கடைக்காரர். “மாடு நுழையுதுன்னு போட்டது. அஞ்சாறு வருசம் ஆச்சே, உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. அந்தக் கதவை நான் ஆயிரம் தடவை கடந்திருப்பேன்; எல்லாமே வெளியே போவதற்கு. திரும்பி வருவதென்றால், பேருந்தில் ஏறிக் கணவரின் கடை வாசலில் இறங்கி, அவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துவிடுவேன். அன்றைய செய்தித்தாளை அவர் முதுகில் விரித்து, “அசையாதீங்க” என்று சொல்லிப் படித்துக்கொண்டே வருவேன். பத்தி முடிவதற்கும் வீடு வருவதற்கும் சரியாக இருக்கும். வீட்டுக்கு வருகிற வழி என்றால் எனக்குத் தெரிந்தது அவர் சட்டையின் முதுகுப்பக்கம்தான். அந்த நடுச்சாலையில் நின்றுகொண்டு இதை நினைக்க எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

செவ்வாய் கடைக்கு விடுமுறை. அவர் லென்ஸ் தேய்க்கும் பட்டறைக்குப் போயிருந்தார். இயந்திரச் சத்தத்தில் தொலைபேசியை எடுக்கவில்லை. கடைசியில் லாரிகள் போகிற பெருவழியைச் சுற்றி, புழுதியைக் குடித்து, மூன்று கிலோமீட்டர் நடந்து முன்வாசல் வழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்த அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உனக்கும் வழி தெரியலையா?” என்றார்.

“என்ன அண்ணி, உனக்கும்னா? இதுவரைக்கும் யாரு வழி தெரியாம போனாங்க?”

“எல்லாரும்தான்” என்றார் அண்ணி, வெகு சாதாரணமாக. “அந்த ஃபோட்டோ பிடிக்கிறவரு, விளம்பரக்காரங்க, ஜட்ஜு. எல்லாரும் அந்தக் கதவை முட்டிப் பாத்துட்டு, யாரையாவது கேட்டு, தம்பி கடைக்குப் போய் நிப்பாங்க. அவன் கடையைப் பக்கத்துல சொல்லிட்டு, ஸ்கூட்டர்ல ஏத்திட்டு வந்து, அவகிட்ட சொல்லிக்காதீங்கன்னு கீழ இறக்கி விட்டுட்டுப் போவான். ஒரு வருசமா நடக்குது. ஜட்ஜை ரெண்டு தடவை ஏத்தினான், கனம் ஜாஸ்தின்னு.”

“ரெண்டு தடவையா?”

“முதல் தடவை வண்டி கிளம்பல.”

என் முகத்தில் ஈ ஆடவில்லை. ஒரு வருடமாக நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது எதை என்று அப்போதுதான் விளங்கியது. அவமானம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். அவர் பட்டறையிலிருந்து வந்து கை கழுவுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேனே. கார்டு வந்த அன்னைக்கே, இது போற வழி மாதிரி இருக்கேன்னு கேட்டேன். வழின்னா ரெண்டு பக்கமும் வழிதான், உங்களுக்கு மேப்பு படிக்கத் தெரியலன்னு சொல்லிட்ட.”

சொன்னேன்தான். நினைவு வந்தது. நினைவு வந்ததால் குரலை இன்னும் உயர்த்தினேன். “அப்புறமாவது சொல்லணும்ல? இப்ப என் பொழப்பே போச்சு.”

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “மூணு நாள் கண்ணு வலிக்க உக்காந்து வரைஞ்ச. திருத்துன்னு சொல்ல மனசு வரல. மாசத்துக்கு மூணு பேரு வர்றாங்க, நாமளே ஏத்திட்டு வந்துடலாம்னு விட்டுட்டேன். செவ்வாய்க்கிழமை வர்றாங்கன்னு சொல்லியிருந்தா பட்டறைக்குப் போயிருக்க மாட்டேன்.”

மன்னிப்புக் கேட்க வந்த ஆள்மேல் கோபப்படலாம். தப்பே செய்யாமல் மன்னிப்புக் கேட்கிற மாதிரி நிற்கிற ஆளை என்ன செய்வது.

மாலையில் ஆசிரியரிடமிருந்து செய்தி வந்தது. ‘சனிக்கிழமை பதினொரு மணிக்கு இன்னொரு முறை வருகிறேன். வெள்ளிக்குள் புதிய வரைபடம் அனுப்புங்கள். வந்து சேர்ந்தால் பத்தி உங்களுக்கு. சேராவிட்டால் மற்றவருக்கு. தன் வீட்டுக்கே வழி வரைய முடியாதவரை நம்பி வாசகர்களை வெளியூருக்கு அனுப்ப முடியாது.’ அண்ணி அதை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, “நியாயமாத்தான் கேட்டிருக்கா” என்றார்.

புதன்கிழமை நோட்டும் பென்சிலுமாகக் கிளம்பினேன். பேருந்து நிறுத்தம், எதிரே கண்ணாடிக் கடை. அங்கிருந்து ஸ்கூட்டர் போகிற வழியைக் கணவர் கைகாட்டினார். இரண்டு சந்து தாண்டினால் ஒரு மரக்கிடங்கு. அதன் பின்வாசலில் நுழைந்து, அடுக்கிய பலகைகளுக்கு நடுவே போய், முன்வாசலில் வெளியே வந்தால் எதிரே எங்கள் குடியிருப்பு. ஐந்தே நிமிடம். பின்வாசலில் பூட்டோடு ஒரு காவல்காரர் உட்கார்ந்திருந்தார்.

“உள்ள விடறதில்லைங்க” என்றார்.

“நான் தினமும் சாயங்காலம் இந்த வழியாத்தானே வர்றேன்.”

“உங்களைப் பாத்ததே இல்லையே.”

“கண்ணாடிக் கடைக்காரர் ஸ்கூட்டர்ல.”

அவர் மூக்கின் மேலிருந்த கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். “அவரு வருவாரு. பின்னாடி ஒரு பேப்பர் வரும். அதுக்குப் பின்னாடி ஆள் இருக்குதா?”

இருக்கிறது என்று நிரூபிக்க என்னிடம் அன்று பேப்பர்கூட இல்லை. பேச்சுக் கொடுத்ததில் விஷயம் வந்தது. அந்தக் கிடங்கு வழி யாருக்கும் கிடையாது. முன்பு ஒருநாள் காவல்காரரின் கண்ணாடி மிதிபட்டு உடைந்து, பார்வை தெரியாமல் வேலை போகவிருந்த சமயம், என் கணவர் அன்றைக்கே வேறு மாற்றிக் கொடுத்திருக்கிறார். அதிலிருந்து ஸ்கூட்டர் ஒலி கேட்டால் பூட்டு திறக்கும். அவரோடு வருகிறவர்களுக்கும் திறக்கும். அவ்வளவுதான். இதை நான் எந்த அளவுகோலில் வரைவது? எந்த நிறத்தில் கோடு போடுவது?

வியாழன் முழுவதும் மேசையில் உட்கார்ந்து மண்டை காய்ந்தது. முறையான வழி ஒன்று இருக்கத்தான் செய்தது. லாரிகளின் பெருவழி. மூன்று கிலோமீட்டர், இரண்டு திருப்பம். அதை வரைந்து அனுப்பினால் ஆசிரியர் வாடகைக் காரில் வந்து இறங்கிவிடுவார். பத்தி கைக்கு வந்துவிடும். வரைந்தும்விட்டேன். நட்சத்திரம்கூடப் போட்டுவிட்டேன்.

“இதை அனுப்பிடட்டுமா அண்ணி?”

அண்ணி அதைத் தபால் பிரிக்கிற பார்வை பார்த்தார். “இந்த வழியில நம்ம வீட்டுக்கு யாருடி வந்திருக்கா?”

“யாரும் வந்ததில்ல, அன்னைக்கு நான் வந்ததோட சரி. ஆனா வரலாம்.”

“அப்ப இது வீட்டுக்கு வழி இல்ல, கட்டடத்துக்கு வழி” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அவரிடம் கேட்டிருக்கக்கூடாது. கேட்டபிறகு அந்தப் படத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒரு ஊருக்குள் நடந்துபோய் அங்குள்ளவர்கள் எப்படிப் போகிறார்கள், வருகிறார்கள் என்று எழுதத்தான் இந்த வேலை. முதல் படத்திலேயே யாரும் நடக்காத வழியைப் போட்டு ஏமாற்றி அதை வாங்கிக்கொண்டால், நான் சிமெண்ட் ஆலைக்கு எழுதினதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம். இப்படியெல்லாம் உயர்வாக யோசித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் வெள்ளி மத்தியானம் வரை பயத்தில் அந்தப் படத்தையும், வரைந்து பாதியில் நின்ற இன்னொரு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அனுப்பியது இதுதான். ரயில் நிலையம். அங்கிருந்து பேருந்து எண், நாலாவது நிறுத்தம். எதிரே கண்ணாடிக் கடை. அதோடு கோடு முடிந்தது. அதற்குக் கீழே எழுதினேன்: ‘இங்கிருந்து எனக்கு வழி தெரியாது. கடைக்காரர் என் கணவர். அவர் கூட்டி வருவார். நானும் அப்படித்தான் வருகிறேன்.’ நட்சத்திரம் போட இடமில்லை.

அனுப்பிவிட்டுக் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பாடு முடிந்து மறுபடி கடை திறப்பதற்காகச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். “நாளைக்குக் கூட்டம் வர்ற நாளாச்சே” என்றார். சனிக்கிழமைதான் அவருக்கு வியாபாரம். அன்றைக்கு ஒரு மணி நேரம் கடையைச் சாத்துவது என்பது அவர் வழக்கத்திலேயே கிடையாது. “வேண்டாம்னா விட்டுடுங்க, நான் வேற படம் வச்சிருக்கேன்” என்றேன். “நான் வேண்டாம்னு சொல்லலையே” என்றார். பிறகு தலையைக்கூட நிமிர்த்தாமல், “முதல் தடவையா என்னை மேப்புல போட்டிருக்க” என்றார். இந்த மனுஷனை நான் இத்தனை வருடம் படிக்கிற மேசையாக வைத்திருந்திருக்கிறேன்.

சனிக்கிழமை பதினொன்று ஆயிற்று. பதினொன்றே கால் ஆயிற்று. நான் சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்ததில், எதிரே பல் மருத்துவருக்குக் காத்திருந்தவர்களுக்குத் தலை சுற்றியிருக்கும். ஆசிரியர் அந்தக் காகிதத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் குப்பையில் போட்டிருப்பார் என்று முடிவே கட்டிவிட்டேன். மற்றவர் என் ஊர்களையெல்லாம் எழுதப்போகிறார். பதினொன்று இருபதுக்குக் கீழே ஸ்கூட்டர் ஒலி கேட்டது. எட்டிப் பார்த்தேன். பின்னிருக்கையில் ஆசிரியர், கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தலைமுடி நாலாபக்கமும் பறக்க உட்கார்ந்திருந்தார்.

மேலே வந்ததும் அவர் முதலில் தண்ணீர் கேட்டார். பிறகு, “அந்த வாட்ச்மேன், பேப்பர் எங்கன்னு என்னைக் கேக்கிறாரு” என்றார்.

“மன்னிச்சுக்குங்க மேடம்.”

“எதுக்கு? என் ஃபிரேம்ல ஸ்க்ரூ லூசா இருந்தது ரெண்டு மாசமா. உக்காருங்கன்னு சொல்லி, போட்டுக் குடுத்துட்டுத்தான் வண்டியை எடுத்தாரு. அதான் லேட்டு.” நான் அனுப்பிய காகிதத்தை மேசையில் விரித்து வைத்தார். “மேப்பு அரைகுறை. அளவு இல்ல, வடக்கு தெற்கு இல்ல. பாதியில நின்னுபோச்சு.”

நான் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

“ஆனா அந்த அழகான கார்டை வச்சிட்டு அத்தனை நேரம் சுவத்துல முட்டினேன். இதை வச்சிட்டு வந்து சேந்துட்டேன். இன்னொருத்தர் அனுப்பின மேப்புல அவர் தெரு அகலத்தைக்கூட அளந்து போட்டிருக்காரு. யார்கிட்ட கேட்டா உள்ள விடுவாங்கன்னு அதுல ஒரு இடத்துலகூட இல்ல.” அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். “முதல் ஊரு எது?”

சுவரிலிருந்த ரயில் படத்தில் ஒரு கிளைப்பாதையின் கடைசிப் புள்ளியைத் தொட்டேன். “திங்கக்கிழமை கிளம்பறேன் மேடம்” என்றேன்.

அவரைத் திரும்பக் கொண்டுபோய் விடுவதற்காக என் கணவர் வாசலில் சாவியோடு நின்றுகொண்டிருந்தார். ஆசிரியர் படி இறங்கிப் போனார். இவர் மட்டும் இறங்காமல் நின்றார்.

“திரும்பி என்னைக்கு?” என்றார்.

அந்தக் கேள்வியை அவர் இதுவரை கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை. நிருபர் வேலையில் போவதுதான் தெரியும், வருவது தெரியாது என்று ஒரு சாக்கு.

“ஏன் கேக்கறீங்க?”

“இல்ல, எந்த பஸ்ல வருவன்னு தெரியாம, நீ ஊருக்குப் போற நாளெல்லாம் கடைசி பஸ் போற வரைக்கும் கடையைச் சாத்தாம உக்காந்திருப்பேன். பக்கத்துக் கடைக்காரன் எனக்கு ரொம்ப வியாபாரம்னு நினைச்சிட்டிருக்கான்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். “இப்ப மாசா மாசம்னா, தெரிஞ்சா நல்லா இருக்கும்.”

பதினெட்டு வருடக் கணக்கு ஒன்று என் தலைக்குள் ஓடி, பாதியில் நின்றுவிட்டது. “வியாழக்கிழமை” என்றேன். “சாயங்காலம் ஆறே கால் பஸ்.”

அவர் சட்டைப்பையிலிருந்து கடையின் பில் புத்தகத்தை எடுத்தார். வாடிக்கையாளர் பெயர் என்ற இடத்தில் ‘வெளிவழி’ என்றும், டெலிவரி தேதி என்ற கட்டத்தில் ‘வியாழன், 6.15’ என்றும் நிதானமாக எழுதினார். அசலைக் கிழித்து என் கையில் கொடுத்துவிட்டு, நகலைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார்.

“பத்திரமா வச்சிரு” என்றார். “சீட்டு இல்லாம வந்தா நாங்க குடுக்கிறதில்ல.”